இஸ்திரிக்காரர்களை எடுத்துவிட்டால்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பட்டப்பெயர். பதினோரு வருஷம் காரத் தண்ணீரில் துணி அலசியதில் இரண்டு கையிலும் வெடிப்பு. மகளுக்குத் தலை வாரினால் முடி அதில் சிக்கி இழுக்கும். "சித்தியே பின்னட்டும்மா" என்று மகள் நகர்ந்துவிடுவாள்.

போன வருஷம் மூன்று விதக் களிம்பு கொடுத்துப் பார்த்தார்கள். களிம்புக்குப் பத்துப் பேர். வித்தியாசம் எதுவும் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் கிடைத்த பச்சை மூடிக் களிம்பில் வெடிப்பு ஆறத் தொடங்கியிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இந்த வருஷம் புள்ளியியல் படித்த பெண் ஒருவர் வந்து பழைய தாள்களைப் புரட்டினார்.

"வித்தியாசமே இல்லைன்னு சொல்ல முடியாது. இருந்தா அது தெரியற அளவுக்கு ஆள் பத்தலை."

உண்மையிலேயே வித்தியாசம் இருந்தால் பத்தில் எட்டு தடவையாவது அது பிடிபட வேண்டும். அதற்குக் களிம்புக்கு ஐம்பத்துமூன்று பேர், மொத்தம் நூற்று ஐம்பத்தொன்பது பேர் தேவை என்றார். கூடத்தில் இருப்பதோ தொண்ணூறு பேர்.

"மீதிக்கு நோயாளிங்களை எழுப்பித் துவைக்கச் சொல்லவா?" என்றார் சூப்பர்வைசர்.

"என்ன செய்யறது சார், ஒரே களிம்பு பூசினவங்களுக்குள்ளயே கைக்குக் கை அவ்வளவு வேறுபாடு. அதுல களிம்போட வேலை மறைஞ்சுபோகுது" என்றபடி அந்தப் பெண் தாள்களை அடுக்கத் தொடங்கினார்.

போர்வை மடித்துக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். இன்று விட்டால் அந்தப் பச்சை மூடி இனி வராது.

"மேடம், அதுல இஸ்திரி போடறவங்களும் இருந்தாங்க. அவங்க கை தண்ணியிலயே படாது."

"அடேயப்பா, ஊமைக்கோட்டான் பேசிடுச்சு" என்று யாரோ சிரித்தார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "யார் யாருன்னு சொல்லுங்கக்கா."

ஒவ்வொருவராகச் சொன்னாள். அவர்களை நீக்கியதும் கைக்குக் கை வேறுபாடு குறைந்தது; புதிதாகப் போட்ட கணக்கில் களிம்புக்கு இருபத்திரண்டு பேர் போதும் என்று வந்தது. மொத்தம் அறுபத்தாறு. துணி அலசுகிறவர்கள் எழுபத்திரண்டு பேர்.

"நடுவுல ஆறு பேர் விலகினாலும் கவலையில்லை" என்றார் அந்தப் பெண்.

துணி அலசுகிறவர்களுக்கு மட்டும் மறுபடியும் களிம்பு கொடுத்துப் பார்த்தார்கள்; முடிவு பச்சை மூடிக்கே சாதகமாக வந்தது. கூடத்து அலமாரியில் டப்பாக்கள் வந்து நிறைந்தன. சில மாதம் கழித்து அந்தப் பெண் எட்டிப் பார்க்க வந்தார். காலையில் மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டதையும் ஒரு முடிகூடச் சிக்காததையும் சொல்லத்தான் அவள் நினைத்தாள். இரண்டு கையையும் விரித்துக் காட்டியபோது வந்தது வேறு.

"அன்னைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீங்களே மேடம்."