நின்று நின்று போன ஐஸ் வண்டி

ஐஸ் வண்டியில ஒரு விசேஷம், வண்டி நின்னாலும் சரக்கு நிக்காது, அதுபாட்டுக்கு ஒழுகிப் போயிக்கிட்டே இருக்கும். பழைய வண்டி வாங்கி அவஸ்தைப்படுற குடும்பங்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஒரு தினுசா இருமினாலே நீங்களும் சாமியைக் கூப்பிட ஆரம்பிச்சிருப்பீங்க.

2008-ல எங்க வீட்டுக்காரர் ஒரு பழைய பிக்கப் வாங்கினார். அவர் பேர் செல்வம், நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். கடலூர் முதுநகர்ல பெரிய பெரிய பாளமா ஐஸ் பார் ஏத்தி, உமி கொட்டி, சாக்குப் போட்டு மூடி, சிதம்பரம் மார்க்கெட்ல மீன் வியாபாரம் பண்ற மேரியக்காவுக்குக் கொண்டுபோய் இறக்கணும். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு நானும் போவேன். ஹேண்ட் பிரேக் பிடிக்காது. வண்டி நின்னதும் குதிச்சு இறங்கி சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறது என் வேலை. ஏழாவதோட நின்னுபோன படிப்புக்கு அது போதும்.

இந்த வண்டி ஓடலைன்னா வித்துட்டு துபாய்க்கு டிரைவரா போறதுன்னு மாமா முடிவு பண்ணியிருந்தார். பாஸ்போர்ட்டு தயாரா இருந்தது. பாப்பா அப்பதான் 'ப்பா'ன்னு சொல்ல ஆரம்பிச்சிருந்தா. அவர் போனா அந்த 'ப்பா'வைப் போன்லதான் கேட்கணும். வண்டி நிக்கிறப்பல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஆலப்பாக்கத்தில் முதல் தடவை

சித்திரை ஒண்ணாம் தேதி வண்டிக்குப் பெரிய பூசை போட்டோம். பம்பர், லைட்டு, ஸ்டியரிங், டீசல் டேங்க் மூடின்னு ஒண்ணு விடாம மாமா சந்தனம் அப்பிக் குங்குமம் வச்சார். அந்த வாரமே ஆலப்பாக்கம் தாண்டினதும் வண்டி ரெண்டு குலுக்குக் குலுக்கி நின்னுபோச்சு. நான் கட்டையோட குதிச்சேன். டீசல் காட்டுற முள்ளு எப்பவோ செத்துப்போச்சு, அதனால மாமா டேங்க் மூடியைத் திறந்து சவுக்குக் குச்சியை விட்டுப் பார்த்தார். டீசல் நிறையவே இருந்தது. பானெட்டைத் திறந்து அங்க தட்டி, இங்க திருகி, டீசலை இழுத்து விடுற கை பம்பை அடிச்சுட்டுச் சாவியைப் போட்டார். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுச்சு.

சிதம்பரம் போறப்ப சாக்கு நனைஞ்சு தொங்குது. மேரியக்கா ஐஸைப் பார்த்தாங்க, எங்களைப் பார்த்தாங்க. "ஒரு பாரைத் தூக்க ரெண்டு ஆளு வச்சிருக்கேன் செல்வம். நீ கொண்டாந்ததை என் பேரன் ஒரு கையில தூக்கிட்டுப் போயிடுவான்."

சளி

மறுபடி நின்னது புதுச்சத்திரம் கிட்ட. ரோட்டோரம் ஒரு மெக்கானிக் இருந்தார். மாமா வழக்கம்போலக் குச்சியை விட்டு டீசலைக் காட்டினார். அவர் டீசல் பில்டரைக் கழட்டி, இவ்வளவு அழுக்கோட ஒரு வண்டி இவ்வளவு நாள் ஓடினதே பெரிசுன்னுட்டுப் புதுசு மாட்டினார். வண்டி ஜோரா கிளம்புச்சு. மாமா விசில் அடிச்சுக்கிட்டே ஓட்டினார். எனக்கும் சந்தோசந்தான்.

மறுநாள் அதே ஊரு, அந்த மெக்கானிக் கடைக்குக் கூப்பிடு தூரத்துல நின்னுபோச்சு. அவரே நடந்து வந்து வண்டியைச் சுத்திப் பார்த்தார். பின்னாடி ஒழுகுற தண்ணியையும் பார்த்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்குங்க. நாள் பூரா ஐஸைச் சொமந்தா அதுக்கும் சளி பிடிக்கத்தானே செய்யும்."

கல்யாண ஜோடனை

திருப்பாதிரிப்புலியூர்ல பாஷா பாய்னு மாமாவுக்குத் தெரிஞ்ச மெக்கானிக். அவர்கிட்ட கொண்டுபோனோம். அவர் கடை வாசல்ல வண்டி நல்ல பிள்ளையா ஓடிக்கிட்டே இருந்துச்சு. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுடுற பிள்ளைங்க இருக்கே, அந்த மாதிரி. நிக்காத வண்டியில நான் என்னத்தைப் பார்க்கிறதுன்னு பாய் திருப்பி அனுப்பிட்டார்.

சரி, இது கண் திருஷ்டிதான்னு மாமா முடிவு பண்ணிட்டார். வெள்ளிக்கிழமை தவறாம எலுமிச்சம்பழம், கற்பூரம், மிளகாய்க் கயிறு. சந்தனம் போன வாரத்து மேலயே இந்த வாரமும் ஏறும். நின்ன வாரத்துல ஒரு அப்பு ஜாஸ்தி. அப்படியும் வண்டி நிக்கிறது குறையலை. ஐஸ் கம்பெனியில பார் ஏத்துற முருகேசன் ஒருநாள் வண்டியை மேலேயும் கீழேயும் பார்த்துட்டுக் கேட்டார். "ஏன் மச்சான், இன்னிக்கு வண்டியைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

மீனுக்குத் தெரியாது

அப்புறம் ஒருநாள் நாங்க போய்ச் சேர்றப்ப மேரியக்காவோட பாதி மீன் கண்ணு கலங்கிக் கெடந்தது. வெளியே விக்க வச்சிருந்த மீனு விலை போகாம கடைக்குள்ளயே திரும்பி வந்துடுச்சு. அக்கா சத்தம் போடலை. மாமாவை ஐஸ் இறக்கச் சொல்லிட்டு, என்னைத் தனியாக் கூப்பிட்டு பாப்பா கையில ஒரு பிஸ்கெட்டைக் கொடுத்தாங்க. இன்னொரு தடவை லேட்டானா வேற வண்டி சொல்லிடுவேன், நீயே பக்குவமாச் சொல்லிடுன்னாங்க. சரின்னு தலையை ஆட்டினேன். அக்கா என் தோளைத் தட்டினாங்க. "ஒம் புருஷன் நல்ல மனுஷந்தாம்மா. ஆனா அது மீனுக்குத் தெரிய மாட்டேங்குதே."

அன்னிக்கு வீட்டுக்குப் போனதும் மாமா பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில வச்சுக்கிட்டார். ஏஜெண்டைப் பார்க்கணுமாம்.

பால் புட்டி

அடுத்த தடவை முட்லூர்ல நின்னுது. மாமா ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டார். பாப்பா மடியில பால் குடிச்சுக்கிட்டிருந்தவ திடீர்னு புட்டியைத் தள்ளிட்டு அழுதா. பார்த்தா ரப்பர் உள்வாங்கி ஒட்டிக்கிட்டிருக்கு. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், புட்டி மூடியை இறுக்கிட்டா காத்துப் போகாம ரப்பர் ஒட்டிக்கும், பால் வராது. மூடியைக் கொஞ்சம் தளர்த்தினேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். பால் வந்துது, அழுகை நின்னுது.

அந்தப் புஸ்ஸு எனக்குப் பழகின சத்தமா இருந்துச்சு. எங்க கேட்டோம், எங்க கேட்டோம்னு யோசிச்சேன். கட்டை வைக்கக் குனியிறப்பல்லாம் என் காதுக்கிட்ட மாமா டேங்க் மூடியைத் திறப்பாரே, அப்பக் கேட்ட சத்தம். அப்படின்னா பில்டரும் தட்டினதும் இல்ல, மூடியைத் திறந்ததுதான் வைத்தியமோ?

சொல்ல வெட்கமா இருந்தது. இருந்தாலும் சட்டைப் பையில பாஸ்போர்ட்டு முனை தெரிஞ்சுது. "மாமா, பானெட்டைத் தொடாதீங்க. மூடியை மட்டும் திறந்துட்டு, கை பம்பு அடிச்சுப் பாருங்க"ன்னேன். பால் புட்டி சங்கதியையும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தார், ஆனா இறங்கிப் போனார். புஸ்ஸு. பம்பு நாலு அடி. வண்டி கிளம்பிடுச்சு. அவர் சாவியிலேருந்து கையை எடுக்காம என் மடியிலிருந்த புட்டியையே பார்த்துக்கிட்டிருந்தார். மூடியை இறுக்காம மேல சும்மா வச்சுத் துணி சுத்திக்கிட்டு, வழியில எங்கேயும் நிக்காம சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம்.

திரும்புறப்ப நேரா பாஷா பாய் கடை. நான் சொன்னதை மாமாவே சொன்னார். பாய் சிரிக்கலை. மூடியைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடி நடுவுல காத்துப் போக ஊசி மொனை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கணுமாம். டீசல் குறையக் குறைய அந்த வழியாக் காத்து உள்ளே போகணும், இல்லைன்னா டேங்க் டீசலை விடாமப் பிடிச்சு வச்சுக்குமாம். ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல வாரக்கணக்காச் சேர்ந்த சந்தனம் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. என் வளையல்ல மாட்டியிருந்த ஊக்கைக் கேட்டு வாங்கிக் குத்தினார். குங்குமத்தோட சேர்ந்து பொலபொலன்னு உதிர்ந்துது. பாய் மூடியை மாமா கையில கொடுத்தார். "பொட்டு வச்சது சரிதான் தம்பி. நெத்தின்னு நெனச்சு மூக்குல வச்சுட்டீங்க."

மேரியக்கா சொன்னது

அதுக்கப்புறம் வண்டி பஞ்சரானதுண்டு, மழையில மாட்டிக்கிட்டதுண்டு, நடுவழியில மூச்சுத் திணறி நின்னதில்லை. விஷயத்தை மேரியக்காகிட்ட நானே சொன்னேன். அவ்வளவு நேரம் நான் பேசி அவங்க கேட்டதே இல்லை. ஐஸ் பாரைத் தட்டிப் பார்த்துட்டுக் கூலியாள் ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. "இன்னிக்கு ரெண்டு பேருமே வாங்கப்பா. ஐஸு ஐஸாவே வந்திருக்கு."

மாமா ஏஜெண்டைப் பார்க்கப் போகலை. வெள்ளிக்கிழமை பூசை இப்பவும் உண்டு, டேங்க் மூடிக்கு மட்டும் கற்பூரம் காட்டுறதோட சரி. மிச்சமாகிற சந்தனத்தை நான் அவரோட பாஸ்போர்ட்டு அட்டையில கெட்டியா ஒரு அப்பு அப்பி பீரோவுல வச்சுப் பூட்டிடுறேன், கிளம்புறதை நிறுத்துறதுல சந்தனத்தோட சாமர்த்தியத்தைத்தான் நாங்க கண்ணால பார்த்தாச்சே.