சாராயக்கடை வாசலில் ஒரு பொம்மை

சக்கரபாணிக்குக் கை நிறைய வேலை இருந்தது ஒரே ஒரு வருடம்தான். அது எண்பத்திரண்டாம் வருடம். நகரத் திட்டங்களுக்குப் படம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் டிரேசராக இருந்தார். என்ஜினியர்கள் பென்சிலில் போட்டதை மெழுகுத்தாளில் மையால் எடுத்து எழுதுவதுதான் உத்தியோகம். கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அட்டையிலும் தக்கையிலும் ஏதாவது செய்துகொண்டிருப்பார். ஒருமுறை கலங்கரை விளக்கத்தை உள்ளங்கை உயரத்தில் செய்து மேஜைமேல் வைத்திருந்ததை என்ஜினியர் தணிகாசலம் பார்த்துவிட்டார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

சுதந்திர தினத்தை ஒட்டிக் கடற்கரைப் பக்கம் ஒரு கண்காட்சி வைப்பதாக இருந்தது. நகரத்துக்கு வடக்கே முத்தியால்பேட்டைக்குக் கிழக்காகக் கடலை ஒட்டி இருக்கும் தெருக்கள் இருபது வருடத்தில் எப்படி மாறலாம் என்று ஜனங்களுக்குக் காட்ட வேண்டும்.

"படத்த மாட்டி வெச்சா எவன்யா நின்னு பாப்பான்?" என்றார் தணிகாசலம். "பெரிய மேசை போட்டு, இன்னிக்கி அங்க என்ன இருக்குதோ அப்படியே செஞ்சு வெச்சிடு. பள்ளிக்கூடத்துப் பசங்க வருவாங்க. அவங்க கையில ரோடு, பூங்கா, தண்ணித்தொட்டி, பள்ளிக்கூடம் எல்லாம் கட்டையா குடுப்போம். அவங்களே ஊரு கட்டட்டும். ஒரு வெளையாட்டு மாதிரி."

"எடம் வேணுமே சார்? எங்க வெப்பாங்க?"

"இருக்கறத எடுத்துட்டுத்தான் வெக்கணும். எடுத்தத போட ஓரமா ஒரு தட்டு வெச்சிடலாம்."

சக்கரபாணிக்கு அந்தத் தட்டைப் பற்றி அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. முதன்முதலாக அவர் கைவேலை நாலு பேர் பார்க்கப் போகிறது. அதிலும் அவர் செய்யப் போவது அக்கா அஞ்சலாட்சி வாழ்க்கைப்பட்ட இடம். கண்ணை மூடிக்கொண்டே அந்தத் தெருக்களில் நடப்பார்.

அக்கா புருஷன் காத்தவராயன் மில்லில் தறி ஓட்டியவர். தறியில் மாட்டி இடது முழங்கால் மடங்கியது மடங்கியபடியே நின்றுபோனது. அப்புறம் மில்லில் ஆட்குறைப்பு வந்தபோது முதலில் போனது அவர் பெயர்தான். மார்க்கெட்டில் மூட்டைக்குக் காவல், விறகுத் தொட்டியில் எடை என்று கிடைத்ததைச் செய்தார். கிடைக்காத நாளிலும் கிடைத்த நாளிலும் குடித்தார். குடித்தால் யாரையும் அடிக்க மாட்டார், ஒரு கெட்ட வார்த்தை பேசமாட்டார். பாட்டுப் பாடிக்கொண்டே வந்து, வீட்டுக்கு வரும் முன்பே எங்கேயாவது படுத்துவிடுவார். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள்ளேதான் அக்காளும் அவள் மகள் கமலாவும் தலையைக் குனிந்துகொண்டு தெருவில் நடந்தார்கள்.

மேசையில் தெருக்கள் முளைத்தன. தேங்காய் நாரில் தென்னை மட்டை, உப்புத்தாளில் மணல், கடலுக்கு நீல மை கலந்த மெழுகு. கரையில் கவிழ்த்துப் போட்ட கட்டுமரம், காயும் வலை. தணிகாசலம் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வந்து குனிந்து பார்ப்பார். அடிபம்பில் குடம் வரிசையாக நின்றதைப் பார்த்துச் சிரித்தார். குப்பைமேட்டில் ஒரு நாய் படுத்திருந்ததைப் பார்த்து மற்ற என்ஜினியர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "ஊரு மட்டும் இருந்தா பத்தாதுய்யா, உசுரு இருக்கணும். இத பாரு, இதான் உசுரு."

இத்தனை வருடத்தில் அந்த அலுவலகத்தில் யாரும் சக்கரபாணியை இப்படிக் கூப்பிட்டு நிறுத்திப் பாராட்டியதில்லை. பாராட்டு சாராயம் மாதிரிதான். முதல் டம்ளர் அடுத்த டம்ளரைக் கேட்கும். கொடியில் துணி காயப் போட அக்காவிடம் கந்தல் கேட்டு வாங்கி வந்தார். அக்கா வீட்டை அதன் நீலக் கதவோடும் முருங்கை மரத்தோடும் வைத்தார். இன்னும் என்ன வைக்கலாம் என்று தேடியபோது தெருமுனைச் சாராயக்கடை கண்ணில் பட்டது. களிமண்ணை எடுத்தார்.

யாரோ ஒரு குடிகாரன் என்றுதான் நினைத்துக்கொண்டு உருட்டினார். விரல் கேட்கவில்லை. இடது முழங்கால் மடங்கிக்கொண்டது. கன்னத்துக்குக் கீழே ஒரு கை போனது. கந்தலில் காத்தவராயனின் பழைய பச்சைக் கட்ட லுங்கித் துண்டு ஒன்று இருந்தது, அதைக் கத்தரித்து இடுப்பில் சுற்றினார். பசை தொட்டுக் கடை வாசலில் கிடத்தினார். எடுத்துவிடலாமா என்று கை நீட்டினார். அதற்குள் தணிகாசலம் வந்துவிட்டார். பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் எடுக்க மனம் வரவில்லை.

கண்காட்சியில் கூட்டம் அந்த மேசையைச் சுற்றித்தான் நின்றது. சக்கரபாணி கையில் ஒரு குச்சியோடு நின்று, இது இன்ன தெரு, இது இன்ன கோயில் என்று காட்டிக்கொண்டிருந்தார். யார் வந்தாலும் கடைசியில் சாராயக்கடை வாசலைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

மூன்றாவது நாள் ஜெயம் டீச்சர் தன் ஒன்பதாம் வகுப்புப் பெண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். வரிசையில் கமலா இருந்தாள். அன்று அவள் வருவாள் என்று சக்கரபாணிக்குத் தெரியாது. இரட்டைப் பின்னலில் ரிப்பன் கட்டி, தோழிகளோடு பேசிக்கொண்டே வந்தவள் மாமனைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அந்தப் பொம்மையை எடுத்துவிட வேண்டும் என்று மேசையைச் சுற்றி வந்தார். பெண்கள் அதற்குள் மொய்த்துக்கொண்டார்கள்.

"டீச்சர், இந்த எடத்துல பூங்கா வெக்கலாமா?" என்றாள் ஒருத்தி. கடையைத் தூக்கித் தட்டில் போட்டாள். பொம்மையையும் தூக்கினாள். "இந்த ஆள எங்க டீச்சர் வெக்கறது?"

டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தார். "அவரயும் தட்டுலயே போடு. இல்லன்னா பூங்காவுல படுத்துக்கப் போறாரு."

அந்தப் பெண் பொம்மையை நிற்க வைத்துப் பார்த்தாள். மடங்கிய கால், நிற்கவில்லை, விழுந்தது. சிரிப்பு. இன்னொருத்தி வாங்கி நிற்க வைத்தாள். விழுந்தது. கைக்குக் கை மாறி அது கமலாவிடம் வந்தது.

கமலா லுங்கியைப் பார்த்தாள். முழங்காலைப் பார்த்தாள். நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். சுற்றிலும் தோழிகள் அவள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.

அவள் சிரித்தாள். பொம்மையை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு, மேசை விளிம்பில் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்க வைத்தாள். நாக்குக் குழறுகிற மாதிரி ஒரு பாட்டை முனகினாள். இரண்டடி நடந்து, ஒரு நிமிடம் நின்று யோசித்து, யாருக்கோ கும்பிடு போட்டு, மெதுவாகச் சரிந்து விழ வைத்தாள். அச்சு அசல் காத்தவராயன். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

"அப்படியே செய்யறியேடி. எங்கடி கத்துகிட்ட?"

"எங்க தெருவுல ஒருத்தர் இருக்காரு" என்றாள் கமலா. பொம்மையைத் தட்டில் போட்டாள்.

சக்கரபாணி குச்சியைக் கீழே வைத்துவிட்டார். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் வெளியே வந்து, மதில் ஓரமாக நின்றார். எதிரே கடல் இருந்தது. அதைப் பார்க்கக்கூட அவருக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பிப் போனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். கடையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். பொம்மையைத் தட்டிலிருந்து எடுத்து, கொல்லைப்பக்கத் தண்ணீர்த் தொட்டியடியில் கரைத்துவிட்டார். தணிகாசலத்திடம் உடைந்துவிட்டதாகச் சொன்னார்.

"வேற ஒண்ணு செஞ்சுடுய்யா. வர்றவங்கல்லாம் அதத்தான் கேக்கறாங்க."

"செய்ய வரல சார்" என்றார். தணிகாசலத்துக்குப் புரியவில்லை. கொஞ்சம் கோபம்கூட.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். போனார். கமலா தண்ணீர்ச் சொம்பை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

"நம்ம வூட்டயே வெச்சிருக்கியாமே தம்பி, பக்கத்து வூட்டு அஞ்சாறு பேரு பாத்துட்டு வந்து சொல்றாங்க" என்றாள் அஞ்சலாட்சி. "இவளும் ஸ்கூல்லேர்ந்து அங்க வந்தாளாம். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல பாரு."

"நானும் வந்து பாக்கறேன் மச்சான்" என்றார் காத்தவராயன். அன்று காலையிலிருந்து அவர் குடித்திருக்கவில்லை.

"வாணாம்பா, ஒரே கூட்டம்" என்று உள்ளேயிருந்து கமலாவின் குரல் வந்தது.

அவர் கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் தடவி, மச்சானோடு கிளம்பினார். வழியெல்லாம் எதிர்ப்பட்டவரிடம், மச்சான் செஞ்சத பாக்கப் போறேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். மேசை முன்னால் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. நீலக் கதவை விரலால் தொட்டார். முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் நின்றவரிடம், "இது நம்ம வூடு சார். செஞ்சது என் மச்சான்" என்றார்.

அந்த ஆள் ஏற்கெனவே ஒருமுறை வந்து பார்த்தவர். இந்தத் தடவை மனைவியைக் கூட்டி வந்திருந்தார். சக்கரபாணியிடம் திரும்பி, "இங்க சாராயக்கடை வாசல்ல ஒரு குடிகாரன் கெடப்பானே, நொண்டிக் கால மடக்கிகிட்டு, பச்சை லுங்கி கட்டிகிட்டு. எங்க காணோம்? இவளுக்குக் காட்டணும்னு கூட்டியாந்தேன்" என்றார்.

காத்தவராயன் கடை வாசலைப் பார்த்தார். அங்கே உப்புத்தாள் பிய்ந்து, பசையின் தடம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஆளிடம் மரியாதையாகவே சொன்னார்:

"எழுந்து வூட்டுக்குப் போயிட்டான் சார்."

அந்தத் தம்பதி சிரித்துக்கொண்டே நகர்ந்தார்கள். மாமனும் மச்சானும் வெளியே வந்தார்கள். காத்தவராயன் வேகமாக நடக்க முடியாதவர். அன்று அவரைவிட மெதுவாக சக்கரபாணி நடந்தார். பாதி வழி வந்தபின் காத்தவராயன் நின்றார்.

"கமலா பாத்துச்சா?"

"இல்ல மாமா. அது வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்."

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அதன்பிறகு தீபாவளி வரைக்கும் அவர் குடிக்கவில்லை. தீபாவளிக்குக் குடித்தார். அப்புறம் பழையபடி. ஒரே வித்தியாசம், தெருவில் படுப்பது நின்றுவிட்டது. எவ்வளவு குடித்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டாவது வீடு வந்து சேர்ந்து, கதவைச் சாத்திக்கொள்வார். ஊரார் அவர் திருந்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். சக்கரபாணி மட்டும் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து போய்விடுவார். அவரிடம் இன்னும் இரண்டு மூன்று மாடல்கள் செய்யச் சொன்னார்கள். கட்டடங்கள் செய்தார், மரங்கள் செய்தார். ஆட்களைச் செய்யவில்லை.

கமலா அவரிடம் முன்போல் பேசவில்லை. கேட்டதற்குப் பதில், அதோடு சரி. வெறுக்கிறாள், வெறுக்கட்டும், அது நியாயம்தான் என்று இருந்துவிட்டார். அவள் படித்து முடித்து, லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதும் அப்படியேதான்.

எண்பத்தெட்டில் காத்தவராயனுக்கு வயிறு வீங்கிக்கொண்டது. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர்கள் அதிகம் பேசவில்லை. ஒரு மத்தியானம், அஞ்சலாட்சி சாப்பிடப் போயிருந்தபோது, வார்டுக்கு வெளியே பெஞ்சியில் மாமனும் மருமகளும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த பஸ் ஒன்று வாசலில் நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா மாமா?" என்றாள் கமலா.

"கேளு."

"அன்னிக்கி நான் செஞ்சத அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. அத்தனை வருடமும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது அவர் மேல் இருந்த கோபத்தால் அல்ல. அவள் நடத்திக் காட்டியது யாரை என்று தெரிந்து பார்த்த ஒரே ஆள் அவர். அவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த மேசைதான் தெரிந்திருக்கிறது.

"சொல்லல" என்றார். "நீ அத பாக்கவேயில்லன்னு சொல்லிட்டேன்."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றினாள். "கண்காட்சிக்குப் போய்ட்டு வந்த அன்னியிலேர்ந்து அப்பா வீட்டுக்குள்ளதான் படுத்துகிச்சு. நீ சொல்லிட்டன்னே நெனச்சேன்."

"நீ எதுக்கு வெக்கப்படணும் கமலா? பொம்ம செஞ்சது நானு."

"பொம்மய நீ செஞ்ச. நடக்க வெச்சது நானுதான."

உன் மேல் தப்பில்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருக்க மாட்டாள். அவரிடம் யாராவது அப்படிச் சொன்னால் அவரும் நம்பமாட்டார். கையை நீட்டி அவள் தலையில் வைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

உள்ளே காத்தவராயன் தண்ணீர் கேட்டார். டாக்டர் அளந்துதான் கொடுக்கச் சொல்லியிருந்தார். கமலா டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போனாள். சக்கரபாணி பின்னாலேயே போய், அவர் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார்.