சனிக்கிழமை டிராயிங் கிளாஸ்

என் மகனுக்கு ஆறு வயது. சட்டைக்குப் பட்டன் போட வராது. பென்சில் பிடித்தால் நழுவிவிடும்.

போன வருடம் இதைச் சொல்லி நான் அழுதது என் ஓரகத்தியிடம்தான்.

"அவங்க அப்பாவும் சின்னதுல இப்படித்தானாம். தெரப்பி அது இதுன்னு கொண்டுபோயி புள்ளைக்குப் பட்டம் கட்டிறாதம்மா" என்றார்.

நம்பினேன். ஒரு வருடம் போய்விட்டது.

பள்ளியில் மிஸ் விடாமல் சொன்னதால், இன்று கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறி, முதல்முறையாக அவனைப் புதுக்கோட்டை தெரப்பி சென்டருக்கு அழைத்துப் போனேன்.

"சித்தி!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் ஓரகத்தியின் மகள். "பாருங்க, பட்டன் எல்லாம் நானே போட்டேன்! நான் எல்கேஜிலேருந்து இங்க வர்றேனே!"

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சனிக்கிழமைதோறும் டிராயிங் கிளாஸுக்குப் போவதாகத்தான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பின்னாலேயே வந்த ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வீட்டுல யார்ட்டயும் சொல்லிறாத."

அக்கா, போன வருடமே இப்படிக் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால், அப்போதும் நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேனே. இரண்டு பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் வந்திருக்குமே.

உங்கள் வீட்டிலும் சனிக்கிழமை டிராயிங் கிளாஸ் போகிற பிள்ளை உண்டா? அது வரைந்த படம் ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா?