துளசிமணி போகாத காடு

துளசிமணிக்கு மஞ்சள் காய்ச்சல் வராது. ஆயுளுக்கும் வராது. அதற்கான ஊசியைச் சென்னை வரை போய்ப் போட்டுக்கொண்டு, மஞ்சள் அட்டையில் முத்திரையும் வாங்கி வந்திருக்கிறாள். காரமடைப் பக்கம் அந்தக் காய்ச்சல் இதுவரை யாருக்கும் வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். நான் சாயிரா பானு, அங்கேயே மருந்து கொடுக்கிறவள். இருபத்தாறு வருடம் ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் ஊசி போட்ட துளசிமணி, தன் கைக்கு ஊசி வந்தபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். நான் சிரித்தேன்.

"சிரிக்காத பானு. ஆப்பிரிக்கா உள்ள எறங்குது" என்றாள்.

ஆப்பிரிக்கா ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். ஒரு ஐப்பசி மாதத்தில் அவள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு ஆறுமணிக்குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, சிவந்த வயிறு, கட்டை வால். வடக்கே இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வந்த களைப்பு. துளசிமணி அதைத் தடுப்பூசி கொண்டுபோகும் பெட்டிக்குள் துணி விரித்து வைத்தாள், மூடியைத் திறந்தே விட்டாள். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு அது இரண்டு முறை கூவிவிட்டு வாழைத்தோப்புக்குள் போய்விட்டது. இருபத்தேழு வயதில் புருஷனை இழந்து, பிள்ளை இல்லாமல், தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள் அவள். அவளைத் தேடி அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வந்ததில்லை. "என்னைய நம்பி வந்து உளுந்துச்சு பானு" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஞாயிறு தவறாமல் இரண்டு பேரும் பறவை பார்க்கக் குளம் குளமாகப் போனோம். அதே குருவியின் சொந்தம் ஒன்று உகாண்டாவில் கிபாலே என்ற மழைக்காட்டில் இருக்கிறது என்று நாங்கள் சேர்ந்திருந்த பறவை பார்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் படம் போட்டார். விடியும் நேரத்தில் அது ஒரு கிளையில் நின்று எம்பிக் குதிக்கும், குதிக்கும்போது இறக்கை 'ப்ர்ர்' என்று அதிரும், அதுவும் வருடத்தில் சில மாதங்கள்தான் என்று எழுதியிருந்தார். துளசிமணி அந்தச் செய்தியை அழிக்கவே இல்லை.

கிபாலே போக மூன்று வருடம் திட்டமிட்டோம். குழுவில் ஆறு பேருக்கு மட்டும் இடம், எங்கள் இருவருக்கும் கிடைத்தது. வெளிநாடு போக அலுவலக அனுமதி வர ஏழு மாதம் ஆனது. காட்டில் பளிச்சென்ற நிறம் உடுத்தக்கூடாது என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதில் திருப்பூர் போய்ப் பாசி நிறத்தில் இரண்டு பேன்ட் வாங்கினாள், வாழ்க்கையில் முதல் பேன்ட். அதைப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸும் மாட்டிக்கொண்டு, விடியற்காலையில் வாழைத்தோப்பில் அசையாமல் உட்கார்ந்து பழகினாள். தண்ணீர் கட்ட வந்தவர் கரண்டு ஆபீஸ் ஆள் என்று நினைத்துப் பம்பை நிறுத்திவிட்டாராம். மருந்துக் கவுண்டரில் அந்த 'ப்ர்ர்' சத்தத்தை எனக்குச் செய்து காட்டுவாள். வரிசையில் நிற்கும் சர்க்கரை நோயாளிகள் முறைப்பார்கள்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவள் தம்பிக்குப் பெண் கிடைத்தது.

மனோஜ்குமாருக்கு நாற்பத்திரண்டு வயது. கணபதி பக்கம் சொந்தமாக லேத் பட்டறை. படிக்க வைத்ததும் பட்டறை வைத்துக் கொடுத்ததும் அக்காள்தான். இருந்தும் பதினைந்து வருடமாகப் பெண் அமையவில்லை. இந்தப் பக்கம் பல வீடுகளில் இதே கதைதான். கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெண் சரி என்றாள். ஆனிக் கடைசி முகூர்த்தம், ஆடி பிறந்துவிட்டால் பிறகு ஆவணிதான். அதுவரை பெண் வீட்டார் மனசு மாறாமல் இருக்குமா என்ற பயம் இவர்களுக்கு. நாங்கள் கிபாலேயில் இருக்கவேண்டிய வாரமும் அதேதான்.

துளசிமணி சட்டென்று சரி சொல்லவில்லை. அதை நான் எங்கேயும் சொல்வேன். "நீங்க கண்ணாலத்த நடத்திக்குங்க கண்ணு, நான் வந்து சீரெல்லாம் சேத்துச் செய்யறேன்" என்றாள் தம்பியிடம். மறுநாள் அவன் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றான்.

"ஏனுங்க பானுக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. அக்கா இல்லாம எனக்கு எப்படிங்க கண்ணாலம்? இணைச்சீரு அவதான் செய்யோணும்."

இணைச்சீர் என்பது மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர். அது முடிந்துதான் தாலி. இவர்கள் வீட்டில் கூடப்பிறந்தவள் ஒருத்திதான்.

நான் நேராகவே கேட்டேன். "மேடையில ஏற விடுவாங்களா மனோஜு?"

"இந்தக் காலத்துல அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க? எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கறேனுங்க."

உள்ளே துளசிமணி கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக எந்த விசேஷத்திலும் பந்திப்பக்கம் நின்றவளை மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். குருவியாவது குதிப்பதாவது! பயணத்தை விட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் போகவில்லை என்றதற்கு அதட்டினாள்.

"ரெண்டு பேரும் போகாட்டி எனக்கு யாரு வந்து சொல்லுவா? போய்ப் பாத்துப்போட்டு வா."

போனேன். கல்யாணத்தன்று விடியலில், இருட்டு விலகும் முன்பே, வழிகாட்டிக்குப் பின்னால் காட்டுக்குள் நடந்தோம். துளசிமணியின் இடத்தில் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒரு ஆள் வந்திருந்தார். வழி நெடுகச் சேற்றைத் திட்டினார். வெளிச்சம் வந்ததும் குருவி கூவியது. ஆளுயரக் கிளையில் பச்சை மார்போடு நின்றிருந்தது, எம்பியது, 'ப்ர்ர்'. அவள் கவுண்டரில் செய்து காட்டிய அதே சத்தம், அச்சு அசல். எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து ஆள் கொட்டாவி விட்டார். சத்தத்தைப் பதிவு செய்து, விடுதிக்கு வந்ததும் அவளுக்கு அனுப்பினேன். 'கேட்டேன் பானு' என்று மட்டும் பதில் வந்தது. கல்யாண வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும்தான் விவரம் தெரிந்தது. அவள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். பெரியப்பா குமாரசாமி அவள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போயிருக்கிறார்.

"அம்மணி, நீ நகை ரூம் சாவிய வச்சுக்க. உன்னைய உட்டா வேற யாரை நம்பறது, சொல்லு? சீரை நம்ம அக்ஷயா செய்யட்டும். இத்தனை வருசம் கழிச்சு நடக்கற காரியம் பாரு."

பெண் வீட்டாருக்கு இணைச்சீர் என்றால் என்னவென்றே தெரியாதாம், அவர்கள் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னது சொந்தம்தான். சித்தப்பா மகள் அக்ஷயா மேடை ஏறினாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவன் என்ன செய்தான் என்று கேட்டேன். "மாலையைச் சரி பண்ணிட்டு இருந்தான்" என்றாள் துளசிமணி.

ஒரே நாள் காலையில், மேடையில் அவள் இடத்தில் ஒருத்தி, காட்டில் அவள் இடத்தில் ஒருத்தன். அவள் பூட்டிய அறைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அனுப்பிய சத்தத்தைக் காதோடு வைத்துக் கேட்டிருக்கிறாள். தாலி கட்டியதைக் கெட்டிமேளத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டாளாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் குமாரசாமி அடுத்த வாரம் பிரஷர் மாத்திரைக்கு வந்தபோது அரைமணி நேரம் நிற்க வைத்தேன், அதற்கு மேல் என்னால் என்ன முடியும்? அவளிடமும் கத்தினேன்.

"அப்பவே எந்திரிச்சு வந்திருக்கோணும் துளசி! நீ எதுக்கு அங்க உக்காந்திருந்தே?"

அவள் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, நான் ஏதோ நடக்க முடியாததைச் சொன்னதுபோலப் பார்த்தாள்.

"எப்படி பானு வர்றது? சாவி எங்கிட்ட இருந்துச்சே."