கறுப்புக் கயிறு என்று எழுதியிருந்தது

இன்ஸ்பெக்டர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தபோது, ஏதோ மகஜரில் கையெழுத்து வாங்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ராயகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் வி.ஏ.ஓ. போலீஸ் ஒரு பொருளைக் கைப்பற்றினால், பக்கத்தில் நின்று பார்த்ததாகக் கையெழுத்துப் போட எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி எத்தனையோ காகிதங்களில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே அவரை உட்காரச் சொன்னேன்.

அவர் உட்காரவில்லை. தலையாரியை டீ வாங்க அனுப்பிவிட்டு, கதவு சாத்தியதும் கேட்டார்.

"சங்கரன்கோவில்ல ஒரு பொண்ணு கூட தெனமும் காலைல ஓடுவாங்களாமே ஒருத்தங்க, அது நீங்கதானா?"

பதினோரு வருடமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஆமாம் என்றேன். பேனாவை மூடப் போனேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

அவளும் நானும் ஒரே கல்லூரியில் முதலாமாண்டு படித்தோம். தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில் அவள் வீடு. அப்பா இல்லை. அம்மா விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். அவள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டக்காரி. நான் ஓட்டக்காரி இல்லை. உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டியதால் அவளோடு போய் ஒட்டிக்கொண்டவள். அவள் முன்னால் ஓடிப் போவாள், திரும்பி என்னிடம் ஓடி வருவாள், மறுபடி முன்னால் போவாள். நான் ஒரு கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் அவள் மூன்று ஓடியிருப்பாள். ஓடிக்கொண்டே பேசவும் செய்வாள். பதில் சொல்ல எனக்குத்தான் மூச்சு இருக்காது.

மாவட்டப் போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தாள். பரிசு வாங்க மேடையில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். செருப்பை எங்கே கழற்றிப் போட்டோம் என்று அவள் கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருந்தாள். "செருப்பில்லாம மேடைக்கு எப்படிட்டி போறது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். செருப்பில்லாமல்தானே ஓடினாய் என்று சொன்னதற்கு, அது வேறு, இது வேறு என்றாள். அடுத்தது மாநிலப் போட்டி. ஆடி முடிந்ததும் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது.

மைதானத்தில் எங்களுக்கு நேரம் பார்த்துச் சொல்ல ஒருவர் வருவார். கல்லூரி ஆளுமில்லை, சம்பளம் வாங்கும் ஆளுமில்லை. விளையாட்டில் ஆர்வம் உள்ளவர் என்று பேர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். எல்லாரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். ஆடித் தபசுத் திருவிழா வந்துவிட்டால் மைதானத்தில் ராட்டினமும் கடைகளும் நிறைந்துவிடும். அந்த நாட்களில் நாங்கள் குளத்தங்கரைச் சாலையில் ஓடுவோம். அந்த ஆளும் பைக்கில் அங்கே வருவான்.

ஒரு நாள், நான் வழக்கம்போல் பின்தங்கி வந்தபோது, குளத்து மடைக்குப் பக்கத்தில் அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் உதறிவிட்டு அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். என்னைப் பார்த்ததும் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வழியெல்லாம் அவள் பேசவில்லை. அவள் பேசாமல் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீட்டுப் பக்கம் வந்த பிறகு, அம்மாவுக்குத் தெரிந்தால் ஓட்டத்தையே நிறுத்திவிடுவாள், சென்னைக்குப் போய் வரும்வரை யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் செய்துகொடுத்தேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் காலை அவள் தனியாகப் போனாள். பத்து மணிக்குள், குளத்துக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில் அவளைக் கண்டெடுத்தார்கள். தவறி விழுந்திருப்பாள் என்றுதான் முதலில் பேசிக்கொண்டார்கள். கழுத்தை நெரித்திருக்கிறார்கள் என்று பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது.

நேரம் பார்த்தவன் அவள் வீட்டு வாசலில் பந்தல் போட நின்றான். கண்ணீர் அஞ்சலி பேனரை அவன்தான் கட்டினான். அன்று காலை ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் இருந்ததாகப் போலீசிடம் சொன்னானாம். அந்தச் சொந்தக்காரரும் ஆமாம் என்றாராம்.

போலீஸ் எங்கள் வீட்டுக்கும் வந்தது. அப்பா அப்போது தாலுகா அலுவலகத்தில் கிளார்க். என் அக்காவுக்கு வரன் முடிவாகும் நேரம். மடையருகே பார்த்ததை முந்தின நாள்தான் அப்பாவிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தேன். அவர் வாசலிலேயே நின்று, பிள்ளைக்குக் காய்ச்சல், மூன்று நாளாக வெளியே போகவில்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். ஏட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலைத்தான் பதினோரு வருடம் சுமந்துகொண்டிருந்தேன். அவள் அம்மாவை எதிரே பார்த்துவிடுவேனோ என்று அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போவேன். அந்த ஆள் ஊரைவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டபோது வெட்கமில்லாமல் நிம்மதிப்பட்டேன். துப்பு துலங்கவில்லை என்று வழக்கை மூடினார்கள்.

இன்ஸ்பெக்டர் அம்மா என் மேசையில் ஒரு புகைப்படத்தை வைத்தார். பழைய வழக்குகளை மறுபடி பார்க்கச் சொல்லி மாவட்டத்தில் உத்தரவாம். அவருக்கு வந்த கோப்புகளில் இது ஒன்று. படத்தில் ஒரு கறுப்புக் கயிறு. அவளுடைய மூடிய கைக்குள் இருந்ததாம். கோப்பில் 'இறந்தவர் அணிந்திருந்த கறுப்புக் கயிறு' என்று எழுதியிருந்தது. கையிலும் காலிலும் மந்திரித்துக் கட்டிக்கொள்வோமே, அதுபோல ஒன்று என்று எழுதியவர் நினைத்திருக்கிறார்.

"திருஷ்டிக் கயித்துல எதுக்கு இரும்புக் கொக்கி கெடக்குன்னுதான் எனக்குப் புரியல. அவங்க கயிறு கட்டுவாங்களா?" என்றார்.

கட்ட மாட்டாள். ஓடும்போது உறுத்துகிறது என்று கம்மலைக்கூடக் கழற்றி என்னிடம் தருகிறவள். படத்தை எடுத்துப் பார்த்தேன். உருண்டையாகப் பின்னிய நைலான் கயிறு, நடுவில் ஒரு மஞ்சள் இழை, அறுந்த நுனியில் சின்னக் கொக்கி. அந்தக் கொக்கியில் தொங்கிய ஸ்டாப்வாட்சை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். வாய்க்கு வந்துவிட்டது. ஆனாலும் அந்த நிமிடம் நான் சொல்லவில்லை. நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வந்து சொல்கிறேன் என்றேன். சரி என்று படத்தை எடுத்துக்கொண்டார். டீ வருமுன் போய்விட்டார்.

சாயங்காலம் பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவிடம் போனேன். ஓய்வு பெற்று, அம்மாவும் போன பிறகு அவர் தனியாக இருக்கிறார். முறுக்கு வாங்கிப் போயிருந்தேன், அதைக் கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போகப் போகிறேன், உங்களைக் கேட்க வரவில்லை, சொல்லத்தான் வந்தேன் என்று ஆரம்பித்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

அவர் டி.வி.யை அணைத்தார். "அன்னைக்கு ஒன் வாய அடச்சது நாந்தான். அதயும் சேத்து எழுதச் சொல்லு. நானும் வாரேன்," என்றார்.

நீங்கள் வந்து என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "நீ அப்பவே எங்கிட்ட சொன்னேன்னு சொல்லுதேன். இல்லன்னா, இத்தன வருசம் கழிச்சு கதை கட்டுதான்னு ஒன்னயத்தான் சொல்லுவான் வக்கீலு." நாற்பது வருடம் கோப்புகளோடு இருந்த மனிதர். எந்தக் காகிதம் எங்கே நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் போனோம். பிறகு மாஜிஸ்திரேட் முன்னிலையிலும் போய்ச் சொன்னோம். அவளுடைய நகத்துணுக்குகளைப் பிரேதப் பரிசோதனையின்போதே எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்கள். அதையும் கயிற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார் இன்ஸ்பெக்டர் அம்மா. ராஜபாளையத்துச் சொந்தக்காரரை மறுபடி கேட்டபோது, அவன் வந்தது மத்தியானம்தான் என்று சொல்லிவிட்டார். திருப்பூரில் அவனைப் பிடித்தார்கள். ரத்த மாதிரி எடுத்து ஒப்பிட்டதில் நகத்தில் ஒட்டியிருந்த தோல் அவனுடையதுதான் என்று அறிக்கை வந்தது.

அது செய்தித்தாளில் வருமுன் அவள் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மடையருகே பார்த்தது, சத்தியம், காய்ச்சல், தலையாட்டியது. ஒன்றையும் விடவில்லை.

"நீ அப்பமே சொல்லிருந்தா எம்புள்ள வந்திர மாட்டா. ஆனா எம்புள்ளயப் பத்தி ஊரு பேசுன பேச்சு நின்னிருக்கும்லா," என்றார் அவர்.

அவள் ஏன் அத்தனை காலையில் போனாள், யாரைப் பார்க்கப் போனாள் என்றெல்லாம் ஊர் பேசியது எனக்கும் தெரியும். நான் அழுதேன். அவர் அழவில்லை. கொஞ்சம் பொறுத்து உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதுமில்லை. ஆனால் உட்காரச் சொன்னார். அவள் ஓடும்போது என்னவெல்லாம் பேசுவாள் என்று கேட்டார். தறிக்குப் போய்விடுவதால் மகள் ஓடி ஒருநாள்கூடப் பார்த்ததில்லையாம். செருப்புத் தேடிய கதையைச் சொன்னேன். அவர் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மத்தியானச் சாப்பாடு அங்கேதான் சாப்பிட்டேன்.

விசாரணை ஒன்றரை வருடம் நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி, அரசு ஊழியர், சட்டம் தெரிந்தவர், பதினோரு வருடம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டார். பயம் என்றேன். யாருக்குப் பயம் என்றார். எல்லாருக்கும் என்றேன். அப்பா சாட்சி சொல்லும்போது உட்கார நாற்காலி கொடுத்தார்கள். வேண்டாம் என்று நின்றே சொன்னார். சொல்லிவிட்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்றிருந்த அவள் அம்மாவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "சாப்ட்டீங்களா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான். அது நடக்கட்டும்.

தீர்ப்புக்குப் பிறகு எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் இறந்ததிலிருந்து அந்தத் தெருவில் எந்தப் பெண் பிள்ளையையும் மைதானத்துக்கு அனுப்புவதில்லை. பள்ளி விளையாட்டு தினத்துக்குப் பெயர் கொடுத்தால்கூட வீட்டில் அடி விழும். அவள் அம்மாதான் நான்கு வீடுகளில் ஏறி இறங்கிப் பேசினார். மைதானத்துக்குத் தானே கூடப் போய் உட்கார்ந்திருப்பதாகவும், பிள்ளைகள் ஓடட்டும் என்றும் சொன்னாராம். முதலில் மூன்று பிள்ளைகள் வந்தார்கள். இப்போது ஒன்பது பேர். காலை ஐந்தரைக்கு அவர் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பியோடு படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறார். ஓட்டத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. யாராவது மூச்சு வாங்கி நின்றால், "ஏட்டி, நடந்துக்கிட்டே இரு, உக்காராத," என்று மட்டும் சொல்வார். மைதானத்தின் கிழக்குப் பக்கம் இருட்டாக இருக்கிறது என்றார். நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு முறை நினைவூட்டியதில் விளக்கு வந்தது.

விடுமுறை நாட்களில் நானும் போகிறேன். இப்போதும் மெதுவாகத்தான் ஓடுகிறேன். பிள்ளைகள் என்னைச் சுற்றுக்கு ஒரு முறை தாண்டிப் போகிறார்கள்.

போன வாரம் அவள் அம்மா எனக்குப் போன் செய்தார். செவ்வாய்க்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறதாம், புரை எடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"புள்ளேளு வரும். அன்னைக்கு நீ போயி உக்காந்துக்கிடுதியா?"

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்தேகாலுக்கே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். ஒன்பது பேரும் வந்துவிட்டார்களா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.