மீட்டிங் என்று பதிவான நாடகம்

தலைநகரத்துக் கிட்வாய் நகரில் எங்கள் பகுதி சமுதாயக் கூடத்தின் மேடையில் மூன்று ஓட்டைகள் இருந்தன. எங்கே எங்கே இருக்கின்றன என்று நடிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் வெளியிலிருந்து ஆட வந்த ஒரு பெண்ணிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. முழங்கால் வரை உள்ளே போய்விட்டாள். ஏதோ புது அடவு என்று நினைத்து முன்வரிசை கைதட்டியது.

கூடம் முனிசிபாலிட்டியுடையது. நாடகம் எங்களுடையது. ஒவ்வொரு வருடமும் பொங்கல் கழிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ் நாடகம் உண்டு. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பத்தாவதை இரண்டு தடவை எழுதி, கணக்கு வாத்தியாரும் நானும் ஒருவர் முகம் ஒருவருக்குச் சலித்துப் பிரிந்த பிறகு, நான் மார்க்கெட்டில் ஒரு டென்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கல்யாணத்துக்கும் பூஜைக்கும் ஷாமியானா, நாற்காலி, மைக் செட் வாடகைக்கு விடுகிற கடை. அதனால் நாடகத்துக்கு மைக் என் பொறுப்பு. மறைவில் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. ஏனென்றால் காலனி இளவட்டங்களில் தமிழை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். காலேஜ் போன மேதைகள் எல்லாம் தமிழ் வசனத்தை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போடுவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் என் படிப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் வரும்.

சங்கத்தின் செயலாளர் ஒரு கும்பகோணத்து மாமா. ஏதோ ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். பதினோரு வருடமாக மற்றவர்கள் எழுதிய நாடகத்துக்குத் திரை இழுத்துக்கொண்டிருந்தார். அவரும் ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தார். ஒரு சர்க்கார் ஆபீஸில் நடக்கிற கதை. ஒவ்வொரு வருடமும் கமிட்டி முன்னால் அதை எடுத்து வைப்பார். 'அடுத்த வருஷம் பார்க்கலாம் சார்' என்று கமிட்டி அதைத் திருப்பி அவர் பக்கம் தள்ளும். அந்த ஜனவரிக் கடைசியில் அவர் ரிடையர் ஆகிறார். பிப்ரவரியில் ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. இனி அடுத்த வருஷம் என்று சொல்ல முடியாது என்பதால் கமிட்டி கடைசியில் ஒப்புக்கொண்டது. தலைமை குமாஸ்தா வேஷம் மாமாவுக்கே. அவர் மகளாக நடிக்க, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அக்கா.

அங்கேதான் மாமா ஒரு காரியம் செய்தார். மேடை ஓட்டையைப் பற்றி முனிசிபல் ஆபீஸுக்குக் கடிதம் எழுதினார்.

நான் என்றால் இரண்டு பலகையும் ஒரு சுத்தியலும் எடுத்துக்கொண்டு போயிருப்பேன். மாமா முப்பத்தைந்து வருடம் ஃபைல் எழுதியவர். எட்டு பாரா, மூன்று இணைப்பு, ஓட்டைகள் எங்கே என்று காட்டும் ஒரு வரைபடம். நாடகத்தின் நோட்டீஸையும் இணைப்பாக வைத்து, 'நிகழ்ச்சிக்கு முன்பாகப் பணியை எடுத்துக்கொள்ள வேண்டும், அவசரம்' என்று சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார். அப்படி ஒரு கடிதத்தை முனிசிபல் ஆபீஸில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. மூன்றே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. மாமா அந்தப் பதிலை எல்லார் வீட்டுக்கும் எடுத்துப் போய்க் காட்டினார்.

"பாத்தியாடா? முறைப்படி எழுதினா எல்லாம் நடக்கும். உன்னை மாதிரி தர்பூஸ் வாங்கிக் குடுத்துக் காரியம் பண்ணப்படாது."

"ஜனவரியில தர்பூஸ் எங்க மாமா கெடைக்கும்? நான் முட்டைபோண்டாதான் வாங்கிக் குடுப்பேன்."

நாடகத்துக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை காலையில், காண்டிராக்டர் ஆட்களோடு வந்து இறங்கினார். பத்து மணிக்குள் மேடைப் பலகை மொத்தத்தையும் பெயர்த்து வெளியே போட்டுவிட்டார்கள். மாலைக்குள் சிமென்ட் பூசியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது, சிமென்ட் இறுகுவதற்காக மேடையைச் சுற்றி மண்ணால் வரப்புக் கட்டி, கணுக்கால் அளவு தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது.

மாமா ஆபீஸுக்கு அரை நாள் லீவு போட்டு ஓடி வந்தார். முனிசிபல் என்ஜினீயர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். இளவயது, நல்ல மனுஷர். மாமாவின் கடிதத்தையே எடுத்து மாமாவிடம் காட்டினார். நிகழ்ச்சிக்கு முன்பாகப் பணியை எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள், எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று இந்தியில் பெருமையாகச் சொன்னார். முடிப்பது எப்போது என்று கேட்டதற்கு, கடிதத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே என்றார். பத்து நாள் யாரும் மேடையில் கால் வைக்கக் கூடாது.

மாமா அந்தக் குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைக் கேலி செய்ய நாலைந்து நல்ல வசனம் தோன்றியது. முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வாயில் வரவில்லை. அடுத்த ஞாயிறு அவருடைய பிரிவுபசாரம். அதற்கடுத்த ஞாயிறு அவர் வீட்டில் சாமான் இருக்காது.

"மாமா, நடுவுல பார்க் இருக்கே. பகல்ல போடுவோம். வெயிலு காயத்தான் எல்லாரும் அங்க வந்து கெடக்காங்க."

மாமா நிமிர்ந்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "தோட்டக்கலைப் பிரிவுக்கு ஒரு லெட்டர்…"

பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன். "நீங்க லெட்டர் எழுதுனா பார்க்கையும் பேத்துப் போட்டுருவாங்க. பேசாம என்கூட வாங்க."

பார்க் புக்கிங் ஆபீஸ் எனக்கு மாமியார் வீடு மாதிரி. டென்ட் போடுகிறவன் வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் நிற்பான். ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் படிவத்தை முழுசாக வாசித்தேன். பார்க் எதற்கு வேண்டும் என்ற இடத்தில் நாலு கட்டம். கல்யாணம். குழந்தைக்கு முடியிறக்குவது. பூஜை, கீர்த்தனை. குடியிருப்போர் மீட்டிங். நாடகம் என்றதும் கிளார்க் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நாடகம் என்றால் மண்டி ஹவுஸுக்குப் போ" என்றார். அங்கேதான் பெரிய தியேட்டர்கள் எல்லாம் இருக்கின்றன. இங்கேயே வேண்டுமென்றால் மேலிடத்து அனுமதி வேண்டும், ஒரு மாதம் ஆகும்.

நகரத்தைத் திட்டம் போட்டவர்கள் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மனுஷன் பொது இடத்தில் என்னென்ன செய்வான் என்று யோசித்திருக்கிறார்கள். மொட்டை அடித்துக்கொள்வான், கல்யாணம் செய்வான், பஜனை பாடுவான், தண்ணீர் வரவில்லை என்று கூடிச் சத்தம் போடுவான். நடிப்பான் என்று தோன்றவில்லை. தினமும் ஆபீஸில் நடிப்பதே போதும் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ. நான் மீட்டிங் கட்டத்தில் டிக் அடித்தேன்.

மாமா படிவத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பொய் எழுதி நான் கையெழுத்துப் போட்டதே இல்லடா."

"உங்க நாடகத்துல மொத சீன் என்ன?"

"ஆபீஸ்ல ஸ்டாஃப் மீட்டிங்."

"பெறவென்ன? மீட்டிங்னுதான எழுதியிருக்கேன்."

மாமா சீன்களை விரல் விட்டு எண்ணினார். "மூணாவது சீன்லயும் ஒரு சின்ன மீட்டிங் வர்றது" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பனி விலகப் பதினோரு மணி ஆகிவிட்டது. அதற்கப்புறம் அடித்த வெயில் மாதிரி ஒரு லைட்டை எங்கள் கடையில் எந்த முதலாளியும் வாங்கி வைத்ததில்லை. புல்லில் ஜமக்காளம், அதன் மேல் இரண்டு மேஜை, ஃபைல் கட்டு. அதுதான் ஆபீஸ். மாமிகள் ஆரஞ்சு உரித்துக்கொண்டும் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் உட்கார்ந்தார்கள். எப்போதும் நாடகத்துக்கு வராத பஞ்சாபிக் குடும்பங்கள்கூட வேர்க்கடலையோடு வந்து ஓரத்தில் இடம் பிடித்தன. ராத்திரி டியூட்டி முடித்து நேராக வந்த நர்ஸ் அக்கா செடி மறைவில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எடே, நான் தூங்கி விழுந்தா வசனத்தக் கொஞ்சம் சத்தமாச் சொல்லு, கேட்டியா?"

"நீங்க தூங்குனா கூட்டம் நடிப்புன்னு நெனச்சுக்கிடும்க்கா. ஆபீஸ் கதைதான."

மாமா பிரமாதமாக நடித்தார் என்று சொல்ல ஆசை. அவர் நடிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக எப்படி உட்கார்ந்தாரோ அப்படி உட்கார்ந்திருந்தார். அதற்கே ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது. பாதிப் பேர் அதே மாதிரி மேஜையில் உட்காருகிறவர்கள்.

இரண்டாவது சீனில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பார்க் இன்ஸ்பெக்டர். அனுமதிக்குப் புறம்பாக ஏதாவது நடந்தால் மைக்கை நிறுத்திக் கூட்டத்தைக் கலைக்க வேண்டியது அவர் வேலை. எத்தனையோ கல்யாணத்தில் எங்கள் ஷாமியானாவைப் பாதியில் இறக்க வைத்தவர். நேராக என் செடி மறைவுக்கே வந்து, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ரெஜிஸ்டரைத் திறந்தார். மீட்டிங்தானே என்றார்.

மீட்டிங்தான் என்றேன்.

ஏன் இப்படிச் சிரிக்கிறார்கள் என்றார்.

எங்கள் ஆட்கள் மீட்டிங்கில் சிரிப்பார்கள் என்றேன்.

அதற்கப்புறம் அரைமணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு காது பக்கம் மாமாவுக்குத் தமிழில் வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டும். மறு பக்கம் இன்ஸ்பெக்டருக்கு இந்தியில் பொய் சொல்ல வேண்டும். மாமா மேஜையைத் தட்டிக் கத்தினால் தெருவிளக்கு எரியவில்லை என்கிறார். பியூன் வேஷக்காரன் காலில் விழுந்தால் அவன் சந்தா கட்டவில்லை. ஒரு தடவை குழம்பிப்போய் மாமாவிடம் 'ஜி சாப், தெருவிளக்கு' என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். மாமாவும் அப்படியே சொன்னார். அதற்கும் சிரித்தார்கள்.

கடைசி சீன் வந்தது. அந்த நாடகமே அந்த ஒரு சீனுக்காக எழுதினதுதான். தாயில்லாத பெண், இருபது வருடமாக ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து, என்னை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தீர்களா என்று கேட்டு அழ வேண்டும். ராத்திரி முழுக்க விழித்திருந்ததோ என்னவோ, அக்காவுக்கு நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. பின்னுகிற ஊசிகள் நின்றன.

ஏன் அழுகிறாள் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

அவசரத்தில் என் வாயில் வந்தது, வீட்டில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை.

அவருக்கு அது தாங்கவில்லை. எழுந்தார். நான் கையைப் பிடிப்பதற்குள் ஜமக்காளத்தில் ஏறி, நாடகத்துக்கு நடுவில் போய் நின்றுவிட்டார். "அழாதே மகளே" என்று இந்தியில் சொன்னார். "நாளைக் காலையில் நானே ஆள் அனுப்புகிறேன்."

அக்கா திகைத்து மாமாவைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். பதினோரு வருடம் காத்திருந்த சீன் ஒன்று அங்கே செத்துக்கொண்டிருந்தது, கொன்றவன் நான். கையிலிருந்த நோட்டில் அடுத்து எடுத்துக் கொடுக்க ஒரு வரியும் இல்லை.

மாமா மெதுவாக ஃபைலை மூடினார். எழுந்து, தன் நாற்காலியை இழுத்து இன்ஸ்பெக்டர் பக்கத்தில் போட்டு, "பைட்டியே சாப்" என்று உட்கார வைத்தார். பிறகு அக்கா பக்கம் திரும்பினார்.

"பாரும்மா. யாரோ எவரோ. பாஷைகூடத் தெரியாது. நீ அழறேன்னு எழுந்து வந்துட்டார். பெத்தவன் நான், சீட்டை விட்டு எழுந்திருக்க இருபது வருஷம் ஆச்சு."

அது நாடகத்தில் இல்லாத வசனம். அவர் எழுதி வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது. யாரோ ஒரு மாமி மூக்கை உறிஞ்சினார். அப்புறம் எழுந்த கைத்தட்டலில் மரத்திலிருந்த கிளிகள் எல்லாம் பறந்தன. நடுவில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர், தனக்குத்தான் என்று நினைத்து எழுந்து கும்பிட்டார். பாதி அவருக்கும் சேர வேண்டியதுதான்.

முடிந்ததும் ரெஜிஸ்டரைப் பிரித்துக்கொண்டு, மீட்டிங்கில் என்ன முடிவானது என்று என்னைக் கேட்டார். பெரியவர் வீட்டுக்குப் போகிறார் என்று முடிவாகியிருக்கிறது என்றேன். தலையாட்டிக்கொண்டே எழுதினார். ஸ்கூட்டரை உதைக்கும்போது, அடுத்த மீட்டிங் எப்போது என்று சொல், மனைவியையும் கூட்டி வருகிறேன் என்றார். கண்ணில் ஒரு சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது. எவ்வளவு நேரமாக இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திங்கட்கிழமை காலை நர்ஸ் அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது மூன்று பிளம்பர்கள் போய்க் கதவைத் தட்டினார்களாம். நல்லாயிருந்த குழாயைக் கழற்றிப் புதுசு மாட்டிவிட்டுப் போனார்கள். அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மாமா அன்றைக்கே முனிசிபல் ஆபீஸுக்குப் போய், இன்ஸ்பெக்டர் எழுதிய பக்கத்துக்கு ஒரு காப்பி வாங்கினார். முறைப்படி மனு கொடுத்து, முத்திரையும் கையெழுத்தும் வைத்து வாங்கியது. மூட்டை கட்ட உதவிக்குப் போனபோது எனக்குக் காட்டினார். மீட்டிங் நடந்தது. வருகை திருப்தி. குடியிருப்போர் மிகவும் உணர்ச்சிவசப்பட்டனர். அமைதியாகக் கலைந்தனர்.

"நம்ம நாடகத்துக்கு வந்த விமர்சனம்டா" என்றார் மாமா.

அதை நாடக நோட்டுக்குள் வைத்து, பெட்டியில் போடாமல், கையில் கொண்டுபோகிற பையில் வைத்துக்கொண்டார். 'மிகவும்' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டிருந்தது.