வீடியோவில் பார்த்த வெட்டு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதம். சௌதியிலிருந்து அன்னவாசல் பக்கத்தில் உள்ள எங்கள் ஊருக்குத் திரும்பிய புதிது. மரம் அறுக்கும் மெஷின் ஒன்று வாங்கியிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் நின்ற வாகை மரத்தை வெட்ட வேண்டும். ஒரு பக்கம் காலி வயல், மறுபக்கம் பெரியப்பாவின் ஓட்டு வீடு.

நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில் என் மனைவி தைல மரம் வெட்டும் ஆட்களோடு வேலைக்குப் போனவள். நானோ மெஷின் நுனியை நடுமரத்தில் குத்தி உள்ளிருந்து அறுக்கும் ஒரு வெட்டை வீடியோவில் பார்த்து வைத்திருந்தேன்.

"என்னங்க, அந்த வித்தையெல்லாம் வேணாம். கயித்தக் கட்டி, வயப்பக்கம் ஆப்பு மாதிரி வாய் வெட்டி, சாதாரணமா சாய்ப்போம்" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு நுனியைக் குத்தினேன். நுனியின் மேல்பக்கம் மரத்தில் பட்டதுதான் தெரியும். மெஷின் எகிறி முகத்தை நோக்கி வந்தது. தலையைத் திருப்பியதால் தோளோடு போயிற்று. ஏழு தையல்.

தையல் பிரித்ததும், வேறு ஆளை வைத்து வெட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"இப்ப விட்டீங்கன்னா அப்புறம் மெஷினத் தொடவே மாட்டீங்க. வாங்க, நான் சொல்றேன்" என்றாள்.

காயம் முழுதாக ஆறிய பிறகு, காற்று இல்லாத ஒரு காலையில் இறங்கினோம். பெரியப்பா வீட்டில் எல்லோரையும் வெளியே வரச் சொன்னோம். மரத்தின் உயரத்தைவிடத் தள்ளி வயலில் நான்கு பேர் கயிற்றைப் பிடித்தார்கள். நான் விலகி ஓடுவதற்காகப் பின்பக்கம் இருந்த முள்ளை அவளே வெட்டி ஒதுக்கினாள். வயல் பக்கம் வாய் வெட்டினேன். பிறகு பின்னாலிருந்து, அதைவிடச் சற்று மேலே மெதுவாக அறுத்தேன். அவள் முள் ஒதுக்கிய வழியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல கொஞ்சம் கட்டைய அறுக்காம விட்டு வைங்க. போதும்! இங்கிட்டு வாங்க!"

மெஷினை அணைத்துவிட்டு அவள் பக்கம் நகர்ந்தேன். கயிற்றை இழுத்ததும் மரம் முறியும் சத்தத்தோடு வயலில் போய் விழுந்தது. ஓட்டு வீட்டில் ஒரு ஓடுகூட அசையவில்லை. யாரும் கைதட்டவில்லை. அவள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள்.

இன்று இதுவே என் தொழில். ஆடம்பரமான வெட்டு எதையாவது யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது என்று தயங்காமல் சொல்கிறேன். அப்படிச் சொல்லும்போது நான் குறைந்துபோவதாக இப்போதெல்லாம் எனக்குத் தோன்றுவதில்லை.